புதுச்சேரிக் கடற்கரை முகப்பின் மீட்டுருவாக்கம்: மேரி கட்டடமும் மறைந்த துறையும்

2014 நவம்பர் 29 அன்று, வடகிழக்குப் பருவமழையின் நடுவே, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1870-71ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சியில் எழுப்பப்பட்ட அக்கட்டடம், உலக வங்கி நிதியுதவியுடன் அதே இடத்தில் அதே தோற்றத்தில் மீளக் கட்டப்பெற்று, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்துவைக்கப்பட்டது. மஞ்சள் தீபச்சுடர்போல் இரவில் ஒளிரும் அதன் தூண்வரிசையின்முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் பயணியர் பலர், தாம் காண்பது சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய கட்டடம் என்பதை உணர்வதில்லை. உள்ளூர் வழக்கில் இது ‘மேரி கட்டடம்’. நகராட்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘மெரி’ தமிழ் நாவில் பெண்பெயராகத் திரிந்தது. பொருள் மறைந்து ஓசை மட்டும் எஞ்சிய இப்பெயரைப் போன்றதே இக்கடற்கரை முகப்பின் மீட்பும் என்று இக்கட்டுரை கருதுகிறது. கட்டடங்களின் முகம் மீண்டது. அவை கடலை நோக்கி நின்றதன் காரணம் மீளவில்லை.

வீழ்ந்ததைப் பழைய வடிவிலேயே கட்டுவது போலிமை என்று மரபுக் காப்பாளரில் ஒரு சாரார் கூறுவதுண்டு. புதுச்சேரியைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுவற்றது. இந்நகரமே மீளக் கட்டப்பட்ட நகரம். 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் கோட்டையும் மாளிகைகளும் திட்டமிட்டே தகர்க்கப்பட்டன. இன்று ‘பிரெஞ்சு நகரம்’ எனப் போற்றப்படுவது 1765இல் நகரம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபின் பழைய தெருவமைப்பின்மேல் எழுந்ததாகும். அத்தெருவமைப்பும் முழுமையாகப் பிரெஞ்சுக்காரருடையதன்று. 1693 முதல் 1699 வரை இங்கிருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டப்படங்களில் நேர்கோட்டுத் தெருக்களின் அமைப்பு இருந்ததை ழான் தெலோஷ் எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே, எது மூலம், எது நகல் என்னும் வினா இங்குப் பெரும்பயன் தருவதில்லை. எந்தக் காலத்தை, யாருடைய பார்வையில் மீட்கிறோம் என்பதே கேட்கத்தக்கது.

மீட்கப்பட்ட காட்சி உலாச்சாலையின் காட்சி. முன்னர் ‘கூர் ஷப்ரோல்’ எனவும், பின்னர் எதுவார் குபேரின் பெயராலும் வழங்கும் இச்சாலையில் 1836இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கமும், 1938இல் அமைந்த போர் நினைவுச்சின்னமும், காந்தி சிலையும், சற்றுத் தெற்கே துய்ப்ளேக்ஸ் சிலையும் நிற்கின்றன. இவற்றில் கலங்கரை விளக்கம் ஒன்றே கப்பலுக்காக எழுந்தது. அதுவும் 1979இல் பணி ஓய்ந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டும் கடற்கரை வேறு. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அக்குறிப்பில், கப்பல் கண்ணிற்பட்ட வேளை, முழங்கிய பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, இறங்கியோர், ஏறிய துணிக்கட்டுகள் என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்குகளில்தாம் கரை சேரவேண்டும். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய இவ்வகைப் படகுகளே அலைமோதலைத் தாங்கி நெகிழ்ந்து கொடுத்தன. அவற்றைச் செலுத்திய கடலோடிகள் இன்றி ஆளுநரும் கரையேற முடியாது. பிரெஞ்சு இந்தியாவின் வாணிகம் முழுவதும் இத்தமிழ்த் தொழிலாளரின் தோள்வலியைக் கடந்தே சென்றது என்பது மிகைக்கூற்றன்று. நாட்குறிப்பை அரசியல் வரலாற்றின் மூலமாக மட்டும் வாசித்துவந்த ஆய்வு மரபு, அதைக் கடற்கரைத் தொழிலின் ஆவணமாக இன்னும் போதிய அளவு வாசிக்கவில்லை.

1860களில் அமைக்கப்பட்ட இரும்புப் பாலம் சலங்குகளின் பணியை ஓரளவு எளிதாக்கிற்று. இதே காலகட்டத்தில்தான் ஒப்பந்தக் கூலிகளின் புலப்பெயர்வும் பெருகியது. பிரித்தானிய இந்தியரையும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்ப 1861ஆம் ஆண்டு உடன்படிக்கை வழிவகுத்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியே ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோருள் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் மூதாதையரின் ஊர் தேடி இன்று இங்கு வரும்போது அவர்களை எதிர்கொள்வது உலாச்சாலையே. ஏறிய துறை இல்லை. 1952 புயல் அப்பாலத்தை அழித்தது. அதற்குத் தெற்கே பின்னர் எழுந்த புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலுள் சரிந்தது.

கடலோரத்திலிருந்து மேற்கே, பெரிய வாய்க்காலைக் கடந்தால், மீட்பின் வேறொரு முறையைக் காணமுடிகிறது. இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் ஊர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவுடன், வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. இங்குக் காக்கப்பட்டது தனிக் கட்டடமன்று. தெருவை நோக்கிச் சரிந்த தாழ்வாரம், அதன் மரக்கால்கள், திண்ணை ஆகியவை வீட்டுக்கு வீடு தொடரும் வரிசையே காக்கப்பட்டது. திண்ணை தெருவுக்கும் வீட்டுக்கும் பொதுவான இடம். ஒரு வீட்டார் இடித்துவிட்டு அடுக்கு மாடி எழுப்பினால் வரிசை முழுவதும் பொருளிழக்கும். சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் தளமும் தொடர்ந்த பராமரிப்பை வேண்டுவன. சுவருள் புதைந்த உத்திரமுனை ஈரம் ஏறி உளுத்தால் தளமே இறங்கிவிடும். அச்செலவை ஏற்கவியலாத குடும்பம் விற்றுவிட்டு வெளியேற, வீடு தங்கும் விடுதியாவது இயல்பாகிறது. விடுதி முகப்பைக் காப்பாற்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விருந்தினர் மட்டும் அமரும் திண்ணை, திண்ணை ஆகாது.

கடற்கரை முகப்பில் மிகுதியாக இழக்கப்பட்டது மணலே. தமிழகக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென நீட்டப்பட்ட அலைதடுப்புக் கரைகள் அவ்வோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே நகரின் முன்னிருந்த கடற்கரை கரைந்தது. சென்னைத் துறைமுகம் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இப்பாடத்தைக் காட்டியிருந்தது: தெற்கே மெரினா விரிய, வடக்கே இராயபுரம் கடலரிப்புக்கு உள்ளாயிற்று. புதுச்சேரியில் உலாச்சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன; அக்கற்சுவர் அரிப்பை நிறுத்தாமல் வடக்கே தள்ளியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மீனவர் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் இவ்வாறு குறுகிற்று. மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான விலையில் ஒரு பங்கை இக்குப்பங்கள் செலுத்தின என்று கூறுவதில் தவறில்லை.

தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுள் ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு அமிழ்த்தப்பட்டபின் அவ்விடத்தில் மணல் மீண்டும் சேர்ந்தது. அலையின் வலிமையைக் கரைக்கு முன்பே தணித்து மணலைத் தங்கவைக்கும் இம்முறை, கற்சுவரைவிட அறிவார்ந்தது. புதுச்சேரியில் நிகழ்ந்த மீட்புகளுள் துறையின் இயல்பை அணுகியது இதுவே எனலாம். கட்டடக் கலைஞர்களன்றிக் கடலியல் பொறியாளர்கள் செய்தது என்பது எண்ணத்தக்கது.

வைத்திக்குப்பக் கடற்கரையில் ஆண்டுதோறும் மாசிமகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றன. புதுச்சேரிக்கு அப்பாலுள்ள தமிழ் ஊர்களும் அன்று இக்கரையில் கூடுகின்றன. கட்டடங்களை எண்ணும் மரபுப் பட்டியல் எதனுள்ளும் இந்நிகழ்வு அடங்காது. அதற்கு வேண்டுவது தூண்வரிசையன்று. தெய்வத்தைச் சுமப்போர் கால் ஊன்றிக் கடலுள் இறங்குமளவு மணல்.