எதிர்த்திசை வினையூக்கி உலை

தீக்குச்சியால் பற்றவைக்க முடியாத அளவுக்கு மெலிந்த வாயுவை ஆக்சிஜனேற்றி, அதில் பிறக்கும் வெப்பத்தைத் தனக்குள்ளேயே பிடித்து வைக்கும் உலை. நடுவில் வினையூக்கிப் படுகை, இருபுறமும் பீங்கான் துண்டுகள். உள்ளே நுழையும் குளிர்ந்த காற்று ஒருபக்கப் பீங்கானில் சூடேறி, நடுவில் வினைபுரிந்து, போகும் வழியில் மறுபக்கப் பீங்கானிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறும். வெப்ப அலை காற்றைவிட மிக மெதுவாக நகரும். அது வாசலை எட்டுமுன் வால்வுகள் காற்றைத் திருப்பிவிடும்.

காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு மீத்தேன் இருந்தால் வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸ்தான் உயரும். அந்தச் சில்லறையைத் திரும்பத் திரும்பச் சேர்த்து நூற்றுக்கணக்கான டிகிரியாக்குவதே இவ்வுலையின் சாமர்த்தியம். மிஞ்சும் வெப்பத்தைப் படுகையின் நடுவிலிருந்து சூடான வாயுவாக எடுக்கலாம். குறை ஒன்றுண்டு: திசை மாறும் கணத்தில் நுழைவாயில் பக்கம் நிற்கும் வினைபுரியாத வாயு அப்படியே வெளியேறிவிடும்.

செங்கல் அறைகளில் வெப்பத்தைச் சேமித்துத் திசை மாற்றும் முறையைத் தம் உலையில் பயன்படுத்தி 1856இல் ஃபிரெடெரிக் சீமென்ஸ் காப்புரிமை பெற்றார். வினையூக்கியோடு அதை இணைத்த காப்புரிமை 1938இல் அமெரிக்கர் ஃபிரெடெரிக் காட்ரெல் பெற்றது. தூசியை மின்சாரத்தால் பிடித்த அதே காட்ரெல்தான். பிறகு பல பத்தாண்டுகள் இது பெரிதாக வளரவில்லை. சீரான ஓட்டத்தையே நம்பிய பொறியாளர்களுக்கு, வேண்டுமென்றே நிலை குலைக்கும் உலை பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. அந்த மனத்தடையை உடைத்தவர்கள் நோவோசிபிர்ஸ்க் வினையூக்க ஆய்வகத்தின் போரெஸ்கோவும் யூரி மாத்ரோஸும். 1982இல் கிராஸ்னோஉரால்ஸ்க் செம்பு உருக்காலையில் கந்தக டை ஆக்சைடை ஆக்சிஜனேற்ற இவ்வுலை இயங்கத் தொடங்கியது. வெளியேறும் பக்கம் வெப்பம் குறைவது அந்த வினைக்குச் சாதகம் என்பது கூடுதல் லாபம். பின்னர் கனடாவில் சுரங்கக் காற்றின் மீத்தேனுக்கு இதைச் சோதித்தனர். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007இல் வினையூக்கியே இல்லாத இதே வகை உலை ஒன்று 6 மெகாவாட் நீராவி விசையாழியை ஓட்டியது.

மலேசியாவின் மலாக்காவில் கழிவு வாயுவைப் பற்றிய பேச்சு ரப்பர் ஆலை நாற்றத்தில் தொடங்கும். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டதிலிருந்து வளர்ந்த தோட்டங்களில் தமிழர் பால் வெட்டினர். ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் விறகுச் சூட்டில் உலர்த்தினர். 1965இல் தரப்படுத்திய கட்டி ரப்பர் வந்த பிறகு, கட்டிப்பாலை (கிண்ணத்திலேயே உறைந்த ரப்பர் பாலை) பதப்படுத்தும் ஆலைகளின் உலர்த்திகளிலிருந்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களின் ஆவி கிளம்பியது. அதை நீரால் கழுவுவதே வழக்கம். நாற்றம் காற்றிலிருந்து கழிவுநீருக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவே.

இந்த ஆவியை எரிக்க எதிர்த்திசை உலை உதவாதா? மூக்குக்கு மிகையான அந்த அமிலத்தால் உலைக்கு வயிறு நிறையாது. ஈரமும் தூசியும் வினையூக்கியை வேறு கெடுக்கும். துணை எரிபொருள் இல்லாமல் ஓட்டுவது கடினம். எண்ணெய்ப்பனை ஆலைக் குட்டைகளின் வாயுவோ இதற்கு எதிர்க்கோடி. பாதிக்கு மேல் மீத்தேன் என்பதால் அதை எஞ்சினுக்கே விடலாம். இவ்வுலைக்கு ஏற்றவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றோட்டங்கள்: பெயின்ட் பூசும் கூடங்களும் அச்சகங்களும் கக்கும் கரைப்பான் ஆவி போன்றவை.