அரசன் பெயரும் தச்சன் கையும்

பழம்பொருள்கள் விலைபேசப்படும் இடங்களில், நேரான கால்களும் சலவைக்கல் மேற்பலகையும் பொன்முலாம் பூசிய வெண்கல விளிம்பும் வாய்ந்த மேஜையொன்றைக் காட்டி, "இது பதினாறாம் லூயி பாணி" என்று விற்போர் பெருமையுடன் கூறுவதுண்டு. அரசன் பெயர் சேர்ந்த மாத்திரத்தில் விலையும் ஏறிவிடுகிறது. ஆனால் அவ்வரசனுக்கும் அம்மேஜைக்கும் உள்ள உறவு எத்தகையது என்று ஆராயப் புகுந்தால், சரித்திரம் கூறுவது வேறாக இருக்கிறது.

பதினாறாம் லூயி பட்டத்திற்கு வந்தது 1774-ஆம் ஆண்டில். அப்போது அவனுக்கு வயது 19. அவன் பெயர் தாங்கிய பாணியோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே பாரிஸ் நகரத்தில் வேரூன்றிவிட்டது. எரிமலைச் சாம்பலில் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரை 1738-லும் பொம்பேயி நகரை 1748-லும் தோண்டத் தொடங்கினர். பண்டை ரோமரின் தூண்களும் மாலைவளைவுகளும் கண்ணிற்பட்டதும், வளைந்து நெளிந்த பழைய மரச்சாமான்கள் பாரிஸ்வாசிகளுக்குச் சலித்துப்போயின. மேஜைக் கால் கோயில் தூண்போல் நிமிர்ந்தது. அதில் நெடுக்குவாட்டில் வரிப்பள்ளங்கள் விழுந்தன. இம்மாறுதலைச் செய்தவர் சிற்பிகளும் தச்சர்களும். இளவரசன் அப்போது பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவன்.

மது அருந்தும் வழக்கத்திற்கென அமைந்த சாமான்களை இங்கே சற்று நின்று பார்த்தல் தகும். அக்காலப் பிரபுக்களின் விருந்து மேஜைமீது கிண்ணங்கள் வைப்பதில்லை. தாகமெடுத்தவர் சைகை காட்டினால் வேலைக்காரன் மதுவைக் கொண்டுவந்து கொடுப்பான். குடித்ததும் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துச் செல்வான். கிண்ணங்களைக் குளிர்விக்க, விளிம்பில் வெட்டுகள் கொண்ட நீள்வட்டப் பீங்கான் தொட்டிகளைச் செவ்ர் தொழிற்சாலை செய்தது. கிண்ணத்தின் அடிப்பாகத்தை அவ்வெட்டில் மாட்டித் தலைகீழாகப் பனிநீரில் தொங்கவிடுவர்.

நாளடைவில் பிரபுக்களுக்கு ஓர் அச்சம் பிறந்தது. பின்னால் நிற்கும் வேலைக்காரனுக்கும் காது உண்டல்லவா? அவன் இல்லாமலே உண்ண விரும்பியவர்களுக்காகச் சிறு மஹாகனி மேஜை ஒன்று தோன்றியது. மேலே சலவைக்கல், அதில் புட்டிகளைக் குளிர்விக்க உலோக வாளிகள் பொருந்தும் குழிகள், கீழே தட்டுகள் வைக்க அடுக்குப் பலகைகள், நகர்த்துவதற்குக் காலடியில் சக்கரங்கள். இவ்வகை மேஜைக்குப் பேர்போனவர் கானபாஸ் என்னும் தச்சர். அவருடைய இயற்பெயர் ஜோசப் கேகன்பாஹ். ஜெர்மன் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்.

மஹாகனி மரம் பிரான்சில் விளைவதன்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே ஆப்பிரிக்க அடிமைகளே அதை வெட்டிச் சாய்த்தனர். மேஜையைச் செய்த தச்சனின் முத்திரையை மரத்தின் அடியில் குனிந்து தேடினால் காணலாம். மரம் வெட்டியவன் பெயரை எங்கே தேடுவது? தோட்டப்புற வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த செயின்ட் டொமிங்கோ தீவில் 1791-ல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர்; 1804-ல் அது ஹெய்ட்டி என்னும் சுதந்திர நாடாயிற்று.

பிழைக்க வந்த தச்சர்களுள் தலைசிறந்தவர் ஜான் ஹென்றி ரீஸெனேர். 1734-ல் ஜெர்மனியின் கிளாட்பெக் என்னும் ஊரில் பிறந்து, பாரிஸில் எபென் என்பாரின் பட்டறையில் வேலைக்கமர்ந்தார். எபென் 1760-ல் பதினைந்தாம் லூயிக்கென ஓர் எழுதுமேஜையைத் தொடங்கி, முடியுமுன்னரே 1763-ல் இறந்தார். பட்டறையை நடத்தி, எபெனின் விதவையை 1767-ல் மணந்து, 1769-ல் மேஜையை முடித்து ஒப்படைத்தவர் ரீஸெனேர். சாவியை ஒருமுறை திருப்பினால் உருளை மூடியும் இழுப்பறைகளும் ஒருங்கே திறக்கும் அற்புத வேலை அது. விதவை மறுமணத்தை அவ்வூர்த் தச்சர்கள் இயல்பாக நடத்தினர் என்பதையும் நம்மவர் கவனிப்பார்களாக.

1774 முதல் 1784 வரை அவர் அரண்மனைக்குச் செய்தளித்த சாமான்களின் மதிப்பு, அந்நாள் நாணயமாகிய லீவ்ர் கணக்கில், 9 லட்சத்திற்கு மேற்பட்டது. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பேரேட்டில் பதிந்து, அவ்வெண்ணைச் சாமானின் மீதும் எழுதிவைத்தனர் அரண்மனைக் கணக்கர்கள். நாள்தோறும் பேரேட்டோடு மல்லாடும் நமக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்: சிதறிப்போன சாமான்களைப் பிற்கால ஆராய்ச்சியாளர் அடையாளங் கண்டது பெரும்பாலும் அவ்வெண்களைக் கொண்டே.

சிதறியது எவ்வாறெனில், 1789-ல் புரட்சி மூண்டது. 1791-ல் பழைய கைவினைச் சங்கங்கள் ஒழிந்தன. தொழிலாளர் ஒன்றுகூடலாகாது என்னும் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. 1793 ஜனவரியில் அரசன் தலை வீழ்ந்தது. ஆகஸ்ட் மாதம் வெர்சேல்ஸ் அரண்மனைச் சாமான்கள் ஏலத்திற்கு வந்தன. ஏலம் ஓராண்டு நடந்தது; 17,000-க்கு மேற்பட்ட உருப்படிகள் விலைபோயின.

ஏலம் கேட்டவர்களுள் ரீஸெனேரும் ஒருவர். தம் கையால் செய்தவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்தால், காலம் திரும்பும்போது நல்ல விலைக்கு விற்கலாம் என்று அவர் எண்ணினார். வாங்கக்கூடியவர்களோ வெட்டுண்டும் நாட்டைவிட்டு ஓடியும் போயினர். எஞ்சியவர்களின் ரசனையும் மாறிவிட்டது. 1794-ல் புதிய அரசாங்கம் அவருக்கு ஒரு வேலை தந்தது. அரசாங்கத்தின் வசமிருந்த சாமான்களிலிருந்து அரச சின்னங்களைப் பெயர்த்தெடுக்கும் வேலை அது. தாம் இழைத்துப் பதித்த முடிகளையும் எழுத்துகளையும் தாமே உளிகொண்டு நீக்கிக் கூலி பெற்றார் அம்முதியவர். 1806 ஜனவரியில், பழைய செல்வமெல்லாம் போனபின், பாரிஸில் இறந்தார்.

அரசனின் எழுதுமேஜை வெர்சேல்ஸ் அரண்மனைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதன் பின்புறத்தில் மரச்சில்லுகளால் பதித்த எழுத்துகளில் 'ரீஸெனேர், 1769, பாரிஸ் ஆயுதசாலை' எனக் காணலாம். அதைத் தொடங்கிய எபெனின் பெயர் அதில் இல்லை.