புறக்கோட்டை பிரதான வீதியின் அழுக்கும் அழகும்

புறக்கோட்டை பிரதான வீதியை அழகுபடுத்த வேண்டும் என்ற பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை கிளம்பும். நாமும் பெருநாளைக்கு உடுப்பெடுக்கப் போய், நாட்டாமியின் வண்டிக்கு ஒதுங்கி, வியர்த்து வழிந்து, "என்ன வீதியப்பா இது" என்று சலித்துக்கொண்டு வருகிறவர்கள்தான்.

ஆனால் இந்த நெரிசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கோட்டைக்கு வெளியே இந்தப் பகுதியைக் கட்டம் கட்டமாகக் குடியிருப்புக்கு அமைத்தார்கள். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று நாம் எண்ணி நடப்பது அந்தக் கட்டங்களைத்தான். பிரின்ஸ் வீதியில் நூதனசாலையாக இருக்கும் ஒல்லாந்தர் வீட்டைப் பாருங்கள். தூண்கள், முற்றம், காற்றோட்டம்! பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நடப்பட்டு துறைமுகம் பெருத்தது. குடியிருக்கப் போட்ட தெருக்களில் மொத்த வியாபாரம் வந்து உட்கார்ந்தது. வீதி அகலவில்லை, சாமான் மட்டும் கூடியது.

வீதியின் ஒரு முனையில் பார்சிக் குடும்பமொன்று கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரம். மறுமுனையில் கெய்மன் கேட் மணிக்கூண்டும் பழைய நகர மண்டபமும். இடையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் முடிந்த நமது சிவப்புப் பள்ளி. 1915இல் இங்கே முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. அப்படி இழந்தவன் முதலில் கடையைத் திறக்கத்தான் பார்ப்பான், முகப்பை அல்ல.

அழகுபடுத்தல் என்றால் நமக்குப் பயம் வருவது இதனால்தான். கோட்டையில் பழைய டச்சு வைத்தியசாலையை 2011இல் அருமையாகத் திருத்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டாமி அங்கே போய் பிளேன்டீ குடிப்பாரா? 2014இல் பெஸ்டியன் மாவத்தை அருகே மிதக்கும் சந்தை திறந்தார்கள். சனம் நடக்கும் வழியை விட்டு விலகிய கடைக்கு யார் வருவார்?

பிரதான வீதியில் மேல்மாடியை அண்ணாந்து பாருங்கள். விளம்பரப் பலகைகளுக்கும் வயர்களுக்கும் பின்னால் பழைய வளைவுகளும் மர ஜன்னல்களும் இன்னும் இருக்கின்றன. முதலில் அந்தப் பலகைகளைக் கழற்றட்டும். லொறிகள் இரவில் சாமான் இறக்கட்டும். பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பறை கட்டட்டும். நடைபாதை வியாபாரியை எழுப்புவதைப் பற்றி அதன் பிறகு அவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசலாம்.