கடல் கடந்து வந்தோரும் சட்டசபை ஆசனமும்

அயல்நாட்டிற் பிறந்த ஒருவர், தாம் வந்து குடியேறிய நாட்டிலே அரசியற் பதவி வகிக்கலாமா? கொழும்பு நகரத் தமிழர்க்கு இவ்வினா வெறும் ஏட்டுச்சுரைக்காயன்று. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலும் வெள்ளவத்தை நெசவாலையிலும் உழைத்தோருட் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அத்தகையோர்க்காகப் பேசச் சட்டசபைக்குட் சென்ற ஒருவரும் தஞ்சாவூர்க்காரரே.

அவர் கோ. நடேசையர். தஞ்சையிற் கணக்கியல் கற்பித்தவர். 1920இல் இலங்கைக்கு வந்து பத்திரிகாசிரியரானார். புடவை வியாபாரியைப் போலத் தேயிலைத் தோட்டங்களுக்குட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார் என்பர். 1920களிலேயே சட்ட நிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் அங்கத்தவராயிருந்தார்.

இஃது எங்ஙனம் இயன்றது? தஞ்சையும் கொழும்பும் அன்று ஒரே முடியின் கீழிருந்தன. பம்பாயில் பிறந்த தாதாபாய் நௌரோஜி 1892இல் இலண்டனிலே பாராளுமன்ற அங்கத்தவரானதும் அவ்வழியாலேதான். 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர்த் திட்டம், இலங்கையை நிலையான இருப்பிடமாகக் கொண்டோர்க்கும், கல்வியும் வருவாயும் உடையோர்க்கும், ஐந்தாண்டு வசித்து நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற்றோர்க்கும் வாக்குரிமை அளித்தது. வேட்பாளர் ஆங்கிலம் எழுதப் படிக்கப் பேச வல்லவராயிருத்தல் வேண்டும் என்று விதித்ததேயன்றி, அவருடைய பாட்டனார் எவ்வூரிற் பிறந்தார் என்று அது வினவவில்லை!

ஆயினும் மனப்பான்மை மாறிக்கொண்டிருந்தது. 1933இல் வெள்ளவத்தை ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது இந்தியத் தொழிலாளர் மீது பகைக்குரல் எழுந்தது. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி வாங்கிய இலங்கையரல்லாதாரை நீக்க ஏற்பாடாயிற்று. அதுபற்றிப் பேச ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் அவ்வருகையின்போதே.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமே கதவை அடைத்தது. இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையார் இங்குப் பிறந்ததையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்குப் பிறந்ததையோ காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்ட மக்கள் எங்ஙனம் காட்டுவர்? 1949இன் தேர்தற் சட்டம் குடிகளல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிற்று. வாக்காளரல்லாதவர் வேட்பாளராதலும் இயலாது. நடேசையர் 1947இலேயே காலமாகிவிட்டார். இருந்திருப்பின் வம்சாவழிக் குடியுரிமை அவருக்குக் கிட்டியிராது.

சௌ. தொண்டமான் அதனைக் கண்கூடாகக் கண்டார். புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்த அவர் 1947இல் நுவரெலியாவிலே வென்றவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அவரது காங்கிரசுக்குப் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமேனுமில்லை. கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடந்தது; பலன் கிட்டவில்லை. 1960இல் அவர் நியமன அங்கத்தவரானார். மக்கள் வாக்கினால் மீண்டும் தெரிவானது 1977இலே. இடையில் முப்பதாண்டு!

அண்மைக்கால விவாதம் இரட்டைக் குடியுரிமை பற்றியது. 2015இன் 19ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமையுடையோரைப் பாராளுமன்றத்துக்கு ஆகாதவராக்கிற்று. அதன்படி 2017இல் கீதா குமாரசிங்க ஆசனமிழந்தார். 2020இன் 20ஆம் திருத்தம் அத்தடையை நீக்கவே, மறுவருடம் பசில் ராஜபக்ச உள்ளே வந்தார். 2022இன் 21ஆம் திருத்தம் மீண்டும் தடுத்தது. ஏழாண்டுக்குள் மூன்று முறை மாறிய விதியைக் கொள்கை என்பதினும், ஆட்களை நோக்கி வெட்டித் தைத்த சட்டை என்பதே பொருந்தும்.

பிரித்தானியாவிலோ பழைய வழக்கத்தின் எச்சம் இன்றும் உண்டு. பொதுநலவாய நாட்டுக் குடிமகன் ஒருவர், அங்கே காலவரையின்றி வசிக்கும் அனுமதி பெற்றிருப்பின், பாராளுமன்றத்துக்குப் போட்டியிடலாம். வெள்ளவத்தையிலிருந்து சென்று அவ்வனுமதி பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே இலண்டனில் வேட்பாளராகலாம். அவரே பிரித்தானியக் குடியுரிமையையும் சேர்த்துப் பெற்றுக்கொள்வாராயின், கொழும்பிலே வேட்பாளராதல் இயலாது.