ஒரே நாள், இரண்டு வாசல்கள்



ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் புறப்பட்டு, ‘ஸர்ஃக்’ என்னும் இடத்தை அடைந்தார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தியை அங்கே படைத்தளபதிகள் வந்து தெரிவித்தனர். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸாரிகளை அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் குறைஷிகளில் மூத்தோரையும் அழைத்துக் கேட்டார்கள். இறுதியில், தம்முடன் வந்தவர்களை நோய்க்குள் கொண்டு செல்லாமல் மதீனாவுக்குத் திரும்புவதென முடிவு செய்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்ல வேண்டாம், இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, அந்த முடிவு உறுதியாயிற்று. ஷாமின் தளபதியான அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களுடனேயே இருந்து, ‘அம்வாஸ்’ கொள்ளைநோயில் உயிர்நீத்தார்கள்.

இந்த வரலாற்றை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதையொட்டி எழும் ஒரு கேள்வியை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நோயுள்ள இடத்திற்குள் செல்லாதிருப்பது பொதுமக்களுக்குப் பாதுகாப்பு. அப்படியானால், அந்த இடத்திற்குள் நாள்தோறும் சென்றே ஆக வேண்டியவர்களின் நிலை என்ன? நோயாளியைத் தூக்கி வரும் ஆம்புலன்ஸ் ஊழியர், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முதலில் அவரைத் தொடும் செவிலியர், அவருடைய தொண்டைக்குள் குழாய் செலுத்தும் மருத்துவர் ஆகியோரைப் பாதுகாப்பது யார் பொறுப்பு?

இக்கேள்விக்கு 2003-ஆம் ஆண்டின் வரலாறு தெளிவான பதிலைத் தருகிறது.

மருத்துவமனைகளைத் தாக்கிய நோய்

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் புதுவகையான நிமோனியாக் காய்ச்சல் ஒன்று தோன்றியது. 2003 பிப்ரவரி 21 அன்று, அந்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருந்த ஒரு மருத்துவர் ஹாங்காங் வந்து ஒரு ஹோட்டலில் தங்கினார். அவரும் நோயுற்றிருந்தார். அதே ஹோட்டலில் தங்கியிருந்த பயணிகள் சிலரை நோய் பற்றிக்கொண்டது. அவர்கள் வியட்நாமின் ஹனோய்க்கும், சிங்கப்பூருக்கும், கனடாவின் டொராண்டோவுக்கும் சென்றபோது நோயும் உடன் சென்றது. மார்ச் 12-ல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மூன்று நாட்களில் ‘சார்ஸ்’ என்ற பெயர் உலகெங்கும் ஒலிக்கத் தொடங்கியது.

ஜூலை 5-ல் நோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் 8,096 பேர் நோயுற்றிருந்தனர். 774 பேர் இறந்திருந்தனர். இந்த எண்ணிக்கைக்குள் இன்னொரு எண் மறைந்திருக்கிறது. நோயுற்றவர்களில் 1,706 பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்கினர், மருத்துவமனை ஊழியர்கள்! சிங்கப்பூரில் நோயுற்ற 238 பேரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் அவர்களே. நோய் தீர்க்கும் இடமே நோய் பரப்பும் இடமாக மாறிய விபரீதம் இது.

மார்ச் 7

சகோதரர்களே! இப்போது ஒரே நாட்டில், ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கவனியுங்கள்.

2003 மார்ச் 7. டொராண்டோ நகரின் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஒருவர் வந்தார். அவருடைய தாயார் சில நாட்களுக்கு முன்புதான் ஹாங்காங்கிலிருந்து திரும்பி, நோயுற்று வீட்டிலேயே இறந்திருந்தார். இந்தப் புதிய நோயைப் பற்றி அங்கிருந்த ஊழியர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நெரிசல் மிகுந்த அப்பிரிவில், பிற நோயாளிகளின் நடுவே, ஓர் இரவு முழுவதும் அவர் படுக்க வைக்கப்பட்டிருந்தார். மூச்சுத் திணறலுக்காக, மருந்தைப் புகையாக்கி உள்ளிழுக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அடுத்த படுக்கையில் இருந்தவரை நோய் பற்றியது. அங்கிருந்து ஊழியர்களையும், அவர்கள் வழியே குடும்பங்களையும், வேறு மருத்துவமனைகளையும் பற்றியது. கனடாவில் 44 உயிர்கள் போயின.

அதே மார்ச் 7 அன்று, அதே கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள வான்கூவர் நகரத்தில், ஹாங்காங்கில் அதே ஹோட்டலில் தங்கித் திரும்பிய மற்றொருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவருக்கும் அதே காய்ச்சல், அதே மூச்சுத் திணறல். ஆனால் சில நிமிடங்களுக்குள் அவருக்கு முகக்கவசம் அணிவிக்கப்பட்டது. தனி அறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஊழியர்கள் முழுப் பாதுகாப்புடன் அவரை அணுகினர். அவரிடமிருந்து அங்கே ஒருவருக்கும் நோய் பரவவில்லை.

வான்கூவர் ஊழியர்களுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று தெரியுமா? தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஆசியாவிலிருந்து திரும்புவோரிடம் கடுமையான காய்ச்சல் தென்பட்டால் எச்சரிக்கையாக இருங்கள் என்ற அறிவிப்பு பிப்ரவரியிலேயே அவர்களுடைய மாகாணத்தின் நோய்த்தடுப்பு மையத்திலிருந்து வந்திருந்தது; அந்த அறிவிப்பு வாசலில் நிற்கும் ஊழியர்வரை சென்று சேர்ந்திருந்தது. டொராண்டோ செவிலியர்களும் மருத்துவர்களும் திறமையில் குறைந்தவர்களா? இல்லை. தியாகத்தில் குறைந்தவர்களா? அதுவும் இல்லை. அவர்களை எவரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை, அவ்வளவே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

ஆயத்தம் என்பது என்ன?

கொள்ளைநோய்க்கான ஆயத்தம் என்றவுடன் பெரிய கட்டடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. சார்ஸ் கற்பித்த பாடங்களோ மிகச் சிறியவை.

முகக்கவசம் இருந்தால் போதாது. அது அணிபவரின் முகத்தோடு காற்றுப் புகாமல் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். தொண்டையில் குழாய் செலுத்துதல் போன்ற, நோய்க்கிருமி காற்றில் கலக்கும் சிகிச்சைகளின்போது இன்னும் கூடுதலான பாதுகாப்பு வேண்டும். கவச உடையை அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். களைத்துப்போன ஒருவர் கையுறையைக் கழற்றும்போது தம்மையறியாமல் முகத்தைத் தொட்டுவிடலாம். ஆகவே எதை முதலில் கழற்றுவது, எப்போது கையைக் கழுவுவது என்று வரிசை வகுத்து, கை தானாகவே அந்த வரிசையில் இயங்கும்வரை பழக வேண்டும். அருகில் நின்று கவனிக்கச் சக ஊழியர் ஒருவர் வேண்டும். தொழுகையின் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவது போல, நோய் வராத காலத்திலேயே இதைப் பயிற்றுவிக்க வேண்டும். நோய் வந்த பிறகு கற்க நேரமிருக்காது.

உள்ளே இருந்தவர்கள்

அந்த நாட்களை மருத்துவ ஊழியர்கள் எவ்வாறு கழித்தனர்? டொராண்டோவில் நூற்றுக்கணக்கான ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டனர். பலருக்கு ‘பணித் தனிமை’ விதிக்கப்பட்டது. வேலைக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம், வேறெங்கும் செல்லக்கூடாது. வீட்டிலும் முகக்கவசம், தனி அறை, தனித் தட்டு. தம் குழந்தை கதவுக்கு அப்பால் அழுவதைக் கேட்டும் அள்ளி அணைக்க முடியாத தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

ஹனோயில் இந்த நோயின் அபாயத்தை முதலில் உணர்ந்து உலகத்தை எச்சரித்தவர் இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி. உலக சுகாதார நிறுவனத்தின் ஊழியரான அவர், நோயாளிகளை நேரில் சென்று பார்த்து, அவர்களைத் தனிமைப்படுத்த ஏற்பாடு செய்தார். மார்ச் 11-ல் பாங்காக் சென்றபோது அவருக்கே காய்ச்சல் கண்டது. வரவேற்க வந்த சக மருத்துவரை அருகில் வர வேண்டாமென்று தடுத்துவிட்டார். மார்ச் 29-ல், 46-ஆம் வயதில் அவர் இறந்தார். அவர் கொடுத்த எச்சரிக்கையின் பயனாக, ஏப்ரல் 28 அன்று, சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடு என்று வியட்நாம் அறிவிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதன் செவிலியர் அதிகாரிகளில் ஒருவரான சகோதரி ஹமீதா இஸ்மாயில், நோய் தொற்றி 2003 மே 11 அன்று இறந்தார். அன்று உலகின் பல நாடுகளில் அன்னையர் தினம். அந்நாட்டில் சார்ஸுக்குப் பலியான மருத்துவ ஊழியர்கள் ஐவரில் அவரும் ஒருவர். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக!

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. அந்நாட்களில் செவிலியர் சீருடையைக் கண்டால் பேருந்தில் அருகிலிருந்தவர்கள் எழுந்து விலகினர். டாக்சிகள் நிற்காமல் சென்றன. உயிரைக் காக்க உள்ளே சென்றவர்களை, வெளியே வந்தபோது மக்களே நோயாகப் பார்த்தனர்.

கேட்கப்படாத குரல்

மே மாதத்தின் நடுவில், டொராண்டோவில் நோய் ஒழிந்ததாகக் கருதப்பட்டது. பாதுகாப்பு விதிகள் தளர்த்தப்பட்டன. ஆனால் ஒரு மருத்துவமனையின் செவிலியர்கள், தம் வார்டில் சார்ஸ் போன்ற காய்ச்சல் மீண்டும் தென்படுவதைக் கவனித்துச் சொன்னார்கள். அது சார்ஸ் அல்ல என்று அவர்களுக்குப் பதில் கூறப்பட்டது. சில நாட்களில் இரண்டாவது அலை வெடித்தது. அம்மருத்துவமனையின் செவிலியர் ஒருவரே அதற்குப் பலியானார்.

இவற்றையெல்லாம் விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் ஆணையம், தன் அறிக்கையில் வலியுறுத்திய முதன்மையான பாடம் இது: ஆபத்தைக் குறைக்கும் முயற்சிக்கு அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வான்கூவர் செய்ததும் அதுவே. நோயாளியின் படுக்கையருகே நிற்பவரின் கண்ணுக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். ஸர்ஃகில் கலீஃபா அவர்கள் ஒவ்வொரு குழுவினரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டார்களே, அந்த மஷூராவின் அருமை இங்கே விளங்குகிறது.

மறதியின் விலை

சிங்கப்பூர் பாடத்தை நினைவில் வைத்தது. முகக்கவசப் பொருத்தச் சோதனையை வழக்கமாக்கியது. 2019-ல் 330 படுக்கைகளுடன் தேசியத் தொற்றுநோய் மையத்தைத் திறந்தது. சில மாதங்களிலேயே, 2020 ஜனவரியில், கொரோனா அந்நாட்டுக்குள் வந்தது. டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணமும் சார்ஸுக்குப் பிறகு கோடிக்கணக்கில் முகக்கவசங்களைச் சேர்த்து வைத்தது. ஆனால் காலப்போக்கில் அச்சேமிப்பில் பெரும்பகுதி காலாவதியாகிவிட்டதை 2017-ல் தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது. மூன்றாண்டுகளில் கொரோனா வந்தபோது, அங்கும் ஊழியர்கள் முகக்கவசத்திற்குத் தவித்தனர்.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை, கொரோனாவால் உலகெங்கும் இறந்த மருத்துவ ஊழியர்கள் சுமார் 1,15,500 பேர் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பெருமக்களே! சிங்கப்பூர்ப் பேருந்துகளில் 2003-ல் நடந்ததைக் கேட்டு நாம் வருந்தினோம். 2020 ஏப்ரலில் நம் சென்னையில் நடந்தது அதைவிடக் கொடியது. கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கும்பல் ஒன்று கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. காயமுற்றவர்கள் சிதறிய பின், சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். கைதட்டி நன்றி சொன்ன அதே ஊரில்தான் இதுவும் நடந்தது.

ஆகவே, நன்றியைச் செயலில் காட்டுவோம். மருத்துவமனையின் வாசலில், எங்கிருந்து வருகிறீர்கள், யாருக்கெல்லாம் காய்ச்சல் என்று செவிலியர் கேட்டால், எரிச்சலடையாமல் உண்மையைச் சொல்வோம். அந்த ஒரு பதிலில் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன. முகக்கவசம் அணியச் சொன்னால் அணிவோம். ஒரு நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேராகச் சென்று வார்டை அடைக்காதிருப்போம். நம் மஹல்லாவில் வசிக்கும் செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் யார் யார் என்பதை அறிந்து வைப்போம். அவர்கள் மதம் எதுவாயினும் அண்டைவீட்டார் என்ற ஹக்கை நிறைவேற்றுவோம். நோய்க்காலத்தில் அவர்கள் தனித்திருக்க நேர்ந்தால், அவர்களின் வீட்டு வாசலில் உணவை வைப்பதும், அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் மஹல்லாவின் பொறுப்பாகட்டும். நோயில்லாத இந்நாட்களிலேயே அதற்கான ஏற்பாட்டைச் செய்து வைப்போம்.

பிறர் நலனுக்காக ஆபத்தின் வாசலில் நிற்போர் அனைவரையும் வல்ல ரஹ்மான் காத்தருள்வானாக! கொடிய நோய்களைவிட்டு நம்மையும், நம் குடும்பத்தாரையும், உலக மக்கள் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.