மெழுகும் கணிப்பொறியும்

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி மாளிகைமேடு என்னும் ஊர் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை அண்மை ஆண்டுகளில் அங்கு நடத்திய அகழாய்வில் செங்கற் சுவர்களோடு, தங்கமும் செம்பும் சேர்ந்த காப்பு ஒன்றின் உடைந்த துண்டும் கிடைத்தது. துண்டு கிடைத்தது, அந்தக் காப்பின் மாதிரி எங்கே?

அக்காலக் கம்மியர் மாதிரியைச் சேமித்து வைக்கவில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வார்க்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வர். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி ஓடிவிட, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். மண் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளிவரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று! சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் அளித்த நகைகளின் முத்துகளை எண்ணி, எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று சொல்கின்றன. கணக்குக்கு அது போதும். அதைக் கொண்டு நகையை மீண்டும் செய்ய இயலாது. வளைவை எண்ணாக எழுதும் வழி வேண்டும்.

அவ்வழி மோட்டார் கார்த் தொழிலிலிருந்து வந்தது. 1960-களில் பிரான்சின் ரெனோ நிறுவனத்தில் பெசியே என்ற பொறியாளர், சில புள்ளிகளைக் கொண்டே வளைவு முழுவதையும் வரையறுக்கும் முறையைப் பயன்படுத்தினார். 1963-இல் அமெரிக்காவில் சதர்லாந்து கணிப்பொறித் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். 1986-இல் ஹல் என்பவர், திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்து உருவம் ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1998-இல் வெளிவந்த ரைனோ போன்ற மென்பொருள்கள் பொற்கொல்லர் பட்டறைக்குள்ளும் நுழைந்தன.

இன்று மோதிரத்தைத் திரையில் வரைந்ததும் அதன் கன அளவும், 22 காரட் தங்கத்தில் அதன் எடையும் தெரிந்துவிடும். சுவாமிமலை ஸ்தபதி மெழுகை நிறுத்து உலோகத்தைக் கணக்கிடுகிறாரே, அதே கணக்குதான்! எந்திரம் மெழுகு மாதிரியைச் செய்து தர, பிறகு பழைய கதையே: மண்ணுக்குப் பதில் சாந்து அச்சு. ஆனால் இம்முறை மாதிரி அழிவதில்லை. அதை ஆயிரம் முறை வார்க்கலாம்; மெழுகு செதுக்கிய கைக்கு அந்த ஆயிரத்தில் வேலை கிடையாது.

கல் பதிப்பதும் மெருகிடுவதும் பெரும்பாலும் கைவேலையாகவே உள்ளன. திரையில் பெரிதாகத் தெரியும் நுண்ணிய நகாசு மெருகிடும்போது தேய்ந்து போகும். உலோகமோ குளிரும்போது சுருங்கும். இரண்டுக்கும் எவ்வளவு கூட்டி வரையவேண்டும் என்பதைப் பட்டறையில் அமர்ந்தவரிடம் கேட்டுத்தான் மென்பொருளில் எழுதுகிறார்கள்.