அளந்தபடி: சோழர் ஆவணங்களில் அளவும் கணக்கும்

முதலாம் இராசராசனின் நில அளவையைப் பேசும் நூல்களில் ஒரு பின்னம் அடிக்கடி தலைகாட்டும்: ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. இத்தனை சிறிய நிலமும் அளக்கப்பட்டு இறை விதிக்கப்பட்டது என்பது வழிவழியாக வரும் வாசிப்பு. சோழர் அளவைக்காரரின் துல்லியத்துக்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். இவ்வாசிப்பு அளத்தலையும் கணக்கிடுதலையும் ஒரே செயலாகக் கொள்கிறது. கல்வெட்டின் சொல்லாட்சி அதற்கு இடம் தரவில்லை.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். இன்றைய வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். மேற்சொன்ன பங்கு அதில் சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். சோழர் கால வேலி இதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்திருந்தாலும் வாதம் மாறாது. 16 சாண் கோலை வைத்து வயலில் அப்படி ஓர் அளவை எடுக்க இயலாது. இறையும் அப்படியே. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காணிக்கடன் என்னும் நிலவரி வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல். அந்தப் பங்குக்கு ஒரு நெல்மணிகூடத் தேறாது.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? அதன் அமைப்பே விடை சொல்கிறது. 320இன் நான்காம் அடுக்கை 5ஆல் பெருக்கினால் அதே தொகை கிடைக்கும். முந்திரி என்பது 320இல் ஒன்று. அதற்குக் கீழே மீண்டும் மீண்டும் 320ஆல் வகுத்துச் செல்லும் கீழ்வாய் இலக்கம் தமிழ்க் கணக்கர்களுடையது. அந்தப் பின்னம் பிறந்த இடம் வயல்வரப்பு அன்று, கணக்கரின் ஓலை.

இங்கே ஒரு சொல்லில் நின்று பார்க்க வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 4, 5 எண்களுள்ள அக்கோயிற் சாசனங்கள் ஊர்தோறும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. முதலில் 'அளந்தபடி' நிலம் இவ்வளவு என்ற மொத்தம். அடுத்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு ஆகிய இறையிலி நிலங்களின் கழிவு. பிறகு 'இறைகட்டின நிலம்'. இறுதியில் இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் ஆடவல்லான் மரக்காலால் அளக்க வேண்டிய காணிக்கடன் நெல்.

'அளந்தபடி' என்பதை 'அளந்ததில் கிடைத்தது' என்று கொள்வதே வழக்கம். 'அளவைப் பதிவின்படி' என்று கொள்வதே பொருத்தம் என்பது என் வாதம். 'படி' என்னும் ஈறு ஓர் ஆதாரத்தைச் சுட்டுகிறது: இந்த எண் இன்ன ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று. சான்று மெலிந்ததுதான், ஒரு சொல்லீற்றின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஆனால் அந்த மொத்தமே நீள அகலங்களைப் பெருக்கி, குழி என்னும் சிற்றளவை மாவாக்கி, மாவை வேலியாக்கிப் பெற்றது. 100 குழி கொண்ட மாவும் 256 குழி கொண்ட மாவும் சோழநாட்டில் வழங்கின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது சிறு பின்னங்கள் தாமே பெருகும்.

இராசராசனின் கொடையைப் பதிந்த ஆனைமங்கலச் செப்பேட்டின் அதிகாரிப் பெயர்களும் இதற்குத் துணைநிற்கின்றன. புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி போன்ற பதவிப் பெயர்கள் எழுத்தையும் ஏட்டையும் சார்ந்தவை. கோல் பிடித்தவர் திரட்டிக் கொண்டுவந்ததைப் பதிந்து, கழித்து, பகுத்துப் பார்க்கத் தனி அமைப்பு இருந்ததையே அவை காட்டுகின்றன.

ஒன்று முடிவாகாமல் நிற்கிறது. பேரளவை 1001ஐ ஒட்டித் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். கோயிற் சாசனங்கள் இராசராசனின் இறுதி ஆண்டுகளைச் சேர்ந்தவை. சுவரில் உள்ள எண்கள் முதல் அளவையின் எண்களா, பின்னர்த் திருத்தியவையா என்பதை இச்சாசனங்களை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது. எதுவாயினும் அவற்றை வயலின் நேரளவாகக் கொண்டு ஊர்ப்பரப்பை ஒப்பிடுவது தகாது. அவை திணைக்களத்தின் கணக்கு. சோழரின் துல்லியத்தைத் தேட வேண்டிய இடமும் அந்தக் கணக்கே.